வெள்ளைக் கோடு, வண்ண வட்டம்

ஜூன் 11, 2024, செவ்வாய்

புதன்சந்தையிலிருந்து கிளம்பும்போதே கண்ணில் கோடு ஆரம்பித்துவிட்டது. வழக்கம்போல நடுவில் ஒரு புள்ளி. பிறகு உடைந்த கண்ணாடியின் விளிம்பு மாதிரி வெள்ளையாக, கோணல் கோணலாக விரிந்து, மினுக்கிக்கொண்டே ஓரத்துக்குப் போனது. இருபது நிமிடம். வண்டியை மரத்தடியில் நிறுத்திக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். கோடு போனதும் மாத்திரை. வலி வந்தது, ஆனால் பாதியாகத்தான் வந்தது. ராசிபுரத்தில் மூன்று கடை, சேலத்தில் ஒன்பது கடை, எல்லாவற்றிலும் முட்டையை இறக்கிவிட்டே வீடு திரும்பினேன்.

பதினைந்து வயதில் தொடங்கிய மைக்ரேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இவரோடு குடித்தனம் நடத்தியதைவிட அதோடு நடத்தியதுதான் அதிகம்.

அர்த்தநாரி அண்ணனின் கோழிப்பண்ணை வண்டியை ஓட்ட ஆரம்பித்து ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட என்னால் லோடு நின்றதில்லை. பொம்பளை ஓட்டினால் முட்டை முழுசாக வருமா என்று கேட்ட கடைக்காரர்கள் இப்போது என் வண்டி என்றால் அட்டையைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. தலைவலிக்கு நான் ஒரு நாளும் பயந்ததில்லை. இனிமேலா பயப்படப் போகிறேன்?

ஜூன் 19

புதிதாக ஒன்று. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது கண்ணுக்கு இடது பக்கம் சின்னச் சின்ன வட்டங்கள். சிவப்பு, பச்சை, நீலம். கோலிக்குண்டு அளவு. எண்ணுவதற்குள் போய்விட்டன. அப்புறம் அதே தலைவலி, அதே வாந்தி. மாத்திரை போட்டுப் படுத்தேன்.

இதுவும் மைக்ரேன்தான். வருடம் ஆக ஆக நிறம் மாறும் போல.

ஜூலை 3

இதை எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மல்லூர் தாண்டியதும் வட்டங்கள் வந்தன. ஓரங்கட்டலாம் என்று இண்டிகேட்டரைப் போட்டேன், அது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம்: வண்டி மண்ணில் இறங்கி ஒரு வேலிக்கல்லில் முட்டி நிற்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் அட்டைகள் சரிந்து, மஞ்சள் கரு கதவிடுக்கில் ஒழுகுகிறது. நடுவில் என்ன நடந்தது? எவ்வளவு நேரம்? தெரியவில்லை. யாரோ கத்தரித்து எடுத்த மாதிரி இருக்கிறது.

எனக்கு முன்னால் மொபெட்டில் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். பின்னால் குழந்தை, அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. இறங்கியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தேன். வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. போய்விட்டாள். அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

அர்த்தநாரி அண்ணனிடம் டயர் இழுத்துவிட்டது என்றேன். அவரும் டயரைத்தான் திட்டினார்.

ஜூலை 4

ஓட்டினேன்.

ஜூலை 5

ஓட்டினேன். மல்லூரில் அந்த வேலிக்கல்லைப் பார்க்காமல் கடந்தேன்.

ஜூலை 9

உள்ளூர் டாக்டரிடம் போனேன். வண்டி விஷயத்தைச் சொல்லவில்லை. வட்டம் வருகிறது என்று மட்டும் சொன்னேன். மைக்ரேனில் அப்படியும் வரும் என்று பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்தார். சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். முழுசாகச் சொல்லாமல் வாங்கிய பதில் என்று தெரிந்தேதான் சந்தோஷப்பட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

ரஞ்சனி பார்த்துவிட்டாள். என் மகள், பதினொன்றாம் வகுப்பு.

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேனாம். கத்தி கையிலேயே நின்றதாம். என்னைப் பொறுத்தவரை வட்டம் வந்தது, போனது, அவ்வளவுதான். அவள் என் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, கூப்பிட்டேன், நீ திரும்பவே இல்ல. கண்ணு இடது பக்கமாப் போயிருச்சு. வாயைச் சும்மா சும்மா மென்னுட்டே இருந்தே. ஒரு நிமிசம் பத்து செகண்டு."

எப்படித் தெரியும் என்றேன். போனைக் காட்டினாள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வீடியோ எடுத்திருக்கிறாள். முதலில் கோபம் வந்தது. வாங்கிப் பார்த்தேன். என் நைட்டி, என் கத்தி, என் மூக்குத்தி. முகம் மட்டும் யாருடையதோ.

மாலையில் இவரிடம் காட்டினோம். இவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நாளெல்லாம் தீப்பொறியைப் பார்த்தும் கண் சிமிட்டாத மனுஷன், வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டார். தூக்கம் பத்தவில்லை, இரண்டு நாள் படுத்தால் சரியாகும் என்றார்.

அந்த ஒரு நிமிடம் பத்து செகண்டில் வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்?

ஜூலை 15

சாவியை அர்த்தநாரி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். தலைவலி, கொஞ்ச நாள் லீவு என்றேன். பன்னிரண்டு நாள். விபத்துக்குப் பிறகும் பன்னிரண்டு நாள் சாவி என்னிடம் இருந்திருக்கிறது. இதற்கு என்னை நானே மன்னிக்கக் கூடாது.

ஜூலை 22

சேலம் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். ஃபேர்லேண்ட்ஸில் சின்ன கிளினிக். டாக்டர் அஜீஸா. என்னைவிட வயதில் சின்னவளாகத்தான் இருப்பாள், ஆனால் அவசரப்படவில்லை.

மைக்ரேன்தானுங்க டாக்டர், எனக்கு இருபத்திரண்டு வருசப் பழக்கமுங்க என்று நானே ஆரம்பித்தேன். சரி, அந்தப் பழக்கத்தைச் சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கோடா, வட்டமா? வெள்ளையா, நிறமா? மெதுவாக விரிகிறதா, சட்டென்று வருகிறதா? எத்தனை நிமிடம்? எப்போதும் ஒரே பக்கமா? நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதினாள். ஒரு பக்கம் வெள்ளை, கோணல், இருபது நிமிடம். இன்னொரு பக்கம் நிறம், உருண்டை, ஒரு நிமிடம், இடது பக்கம் மட்டும். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வண்டி விஷயத்தைச் சொன்னேன். முதல் தடவையாக ஒரு ஆளிடம். திட்டுவாள் என்று நினைத்தேன். இனி ஓட்டக் கூடாது என்று மட்டும் சொன்னாள். அது திட்டைவிடப் பெரிதாக விழுந்தது.

ஜூலை 26

தலையெல்லாம் பசை தடவி, ஒயர் ஒட்டி, கண்ணுக்கு முன்னால் விளக்கை வெட்டி வெட்டிக் காட்டினார்கள். பிறகு ஸ்கேன். மூன்று தடவை சீயக்காய் போட்டும் பசை போகவில்லை.

ஆகஸ்ட் 2

வலிப்பு.

எழுதிவிட்டேன். எழுதியதால் தாள் ஒன்றும் கிழிந்துபோகவில்லை.

மூளையின் வலது பின்பக்கம், பார்வைக்கான இடத்தில், ஒரு பழைய தழும்பு இருக்கிறதாம். அங்கிருந்துதான் வட்டம் கிளம்புகிறது. வலது பக்க மூளை இடது பக்கத்தைப் பார்ப்பதால்தான் வட்டம் எப்போதும் இடது பக்கம். அப்படியானால் இத்தனை வருடத் தலைவலி பொய்யா என்று கேட்டேன்.

"பொய்யில்லம்மா. மைக்ரேன் உங்களுக்கு உண்மையாவே இருக்கு. வலிப்பும் இருக்கு. ஒண்ணு இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு வர வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகம். வலிப்பு வந்து போனதுக்கு அப்புறமும் இதே மாதிரி தலை வலிக்கும். அதனாலதான் ரெண்டும் ஒண்ணுன்னு தோணுது. ஒண்ணில்ல."

ஒரே மாத்திரை இரண்டுக்கும் கேட்குமாம். ஒரு வேளைகூட விடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது. வட்டம், கோடு, எது வந்தாலும் தேதியோடு எழுதி வைக்கச் சொன்னாள். எழுதுகிற பழக்கம் உண்டுங்க என்றேன்.

பஸ்ஸில் வரும்போது டிரைவர் கியர் மாற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். மல்லூரில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுப் பெண் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 3

சிறு வயதில் காய்ச்சல் வலிப்பு ஏதும் உண்டா என்று வீட்டில் கேட்கச் சொல்லியிருந்தாள் டாக்டர். ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு வயசுல காச்சல்ல ஒருக்கா இழுத்துச்சு சாமி. ரொம்ப நேரம். மேட்டூர் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். பொட்டப்புள்ள, நாளைக்கு கட்டிக் குடுக்கோணுமேன்னு ஒருத்தருகிட்டயும் மூச்சு விடல."

முப்பத்தைந்து வருடம் அம்மா ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். அந்தக் காய்ச்சலுக்கும் இந்தத் தழும்புக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் டாக்டர் கேட்டபோது நான் இல்லை என்றுதானே சொன்னேன். எனக்கே தெரியாமல் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள். கோபத்தில் வைத்துவிட்டேன். மத்தியானம் அம்மாவே கூப்பிட்டாள். எடுத்தேன்.

ஆகஸ்ட் 5

இவரோடு முதல் சண்டை. இவர் கத்தவில்லை, கெஞ்சினார். அதுதான் கஷ்டம்.

வெளியில் மைக்ரேன் என்றே சொல்லிக்கொள்ளலாமாம். அதுவும் இருக்கிறது என்று டாக்டரே சொல்லியிருக்கிறாளே, பாதி உண்மைதானே என்கிறார். "நம்ம புள்ளைக்கு நாளைக்கு மாப்ள பாக்கோணும் பிரபா. ஒருத்தன் படியேற மாட்டான்."

ரஞ்சனி உள்ளேயிருந்து, படியேறாதவன் வேண்டாம் என்று சொன்னாள். கம்முனு படி என்றார் இவர்.

தலைவலி என்றால் பாவம் என்பார்கள். வலிப்பு என்றால் தள்ளி உட்காருவார்கள். எனக்கு இருப்பது இரண்டும். நான் எதைச் சொல்ல வேண்டும் என்று தள்ளி உட்காருகிறவனா முடிவு பண்ணுவது? ஆனால் இவர் கண் கலங்கியதைப் பார்த்துச் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆகஸ்ட் 20

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து விரல் நுனி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. சோடா குடித்தால் தகரத்தை நக்குகிற மாதிரி இருக்கிறது. பேசும்போது சொல் கிடைக்காமல் நிற்கிறேன். இன்று "இடுக்கி" என்ற சொல் வரவில்லை, கையால் காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் என்றார்கள்.

வட்டம் இல்லை. பதினெட்டு நாள்.

செப்டம்பர் 9

நாக்கின் ஓரம் கடிபட்டு வீங்கியிருக்கிறது. இன்று பேச முடியாது, எழுதலாம்.

இவருடைய அக்கா சாலம்மாள் மகனுக்கு ராசிபுரத்தில் கல்யாணம். வெள்ளிக்கிழமையே போய்விட்டோம். பை எடுத்து வைக்கும்போது இவர் மாத்திரை அட்டையை வெளியே எடுத்து வைத்தார். பத்துப் பேர் புழங்குகிற அறை, யாராவது அட்டையைப் பார்த்துக் கூகுளில் தேடினால் என்ன செய்வது, இரண்டு நாள்தானே என்றார். நான் என்ன செய்தேன்? சரி என்றேன். அதையும் எழுத வேண்டும். இவர் எடுத்து வைத்தார், நான் விட்டுவிட்டு வந்தேன்.

சரியான தூக்கமும் இல்லை. ஞாயிறு காலை, தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் உப்பு வைத்தார்கள். இடது பக்கம் வட்டம் வந்தது. இந்தத் தடவை போகவில்லை, பெரிதாகிக்கொண்டே வந்தது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். வலது கையில் யாரோ மண்டபத்துச் சாவிக்கொத்தைத் திணித்து, விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்திருந்தார்கள். உள்ளங்கை முழுக்கச் சாவியின் அச்சு. சுற்றிலும் கால்கள், பட்டுச்சேலைக் கரைகள். ரஞ்சனி மட்டும் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்கடியில் துண்டை மடித்து வைத்திருந்தாள். மேலே இவர் குரல் கேட்டது. ஒண்ணுமில்லீங்க, ஒத்தைத் தலைவலிங்க, சாப்பிடாம இருந்ததுல மயக்கம் என்று ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு தெம்பு வந்தது என்று தெரியவில்லை. சாவியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். வாயில் ரத்தம். நாக்கு புரளவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"மயக்கமில்லீங்க. எனக்கு வலிப்பு. மாத்திரை இருக்குது. ஒளிச்சு வெச்சதுனால வந்துச்சு."

சாலம்மாள் நங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மணமேடையிலிருந்து இதைக் கேட்டிருக்க முடியாது, அதுவரைக்கும் நல்லது. இவர் என்னைப் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 12

நங்கை போன். கல்யாண வீட்டில் இப்படியா சொல்வது, ஒரு தலைவலி என்று விட்டிருக்கலாமே, கரூர்ப் பக்கம் மந்திரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், கூட்டிப் போகிறேன் என்றார். வேண்டாமுங்க நங்கை, எனக்கு டாக்டர் இருக்காங்க, இனிமேல் யாருக்கு இப்படி வந்தாலும் கையில் இரும்பு குடுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். வைத்துவிட்டார்.

இவர் மூன்று நாளாகப் பேசவில்லை. ஆனால் காலையில் அடுப்பு மேடையில் மாத்திரையும் டம்ளரில் தண்ணீரும் இருந்தன. ரஞ்சனியைக் கேட்டேன். நான் வைக்கல என்றாள்.

செப்டம்பர் 30

லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதம். டிரைவிங் ஸ்கூல்காரர் ஃபாரத்தைப் பாதி பூர்த்தி செய்தே வைத்திருந்தார். அர்த்தநாரி அண்ணனும் வந்திருந்தார். கல்யாணச் செய்தி அவர் காதுக்கு எப்போதோ போயிருந்தது.

ஃபாரத்தில் ஒரு கேள்வி. வலிப்போ, திடீரென்று நினைவு தப்புவதோ உண்டா? அந்த இடத்தில் 'இல்லை' என்று ஏற்கனவே டிக் அடித்திருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் போடுகிறேன் என்றார் அவர்.

"அம்மிணி, வலிப்புன்னு எழுதாத," என்றார் அண்ணன். "மைக்ரேன்னு வேணா ஒரு லெட்டர் வாங்கிக்கலாம். மைக்ரேன் யாருக்குத்தான் இல்ல? மாத்திரை திங்கற, சரியாயிருச்சு. உன்னாட்டம் ஓட்டறதுக்கு எனக்கு ஆள் வேணுமல்லோ."

நல்ல மனுஷன். என்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை, நம்பிக்கை வைத்துத்தான் சொன்னார். எனக்கும் ஆசை வராமல் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் நான் யாருக்கும் ஒரு படி கீழே இல்லை. அதை விடச் சொல்கிறது ஒரு சின்னக் கட்டம்.

மொபெட்டில் போனவளை நினைத்தேன். குழந்தையின் கை அவள் இடுப்பைப் பிடித்திருந்ததை.

புது ஃபாரம் கேட்டு வாங்கினேன். 'ஆம்' என்பதில் டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டேன். ஃபாரம் கொடுக்காமலேயே விட்டிருந்தால் லைசென்ஸ் தானாகக் காலாவதி ஆகியிருக்கும், எதற்கு இந்த வீம்பு என்றார் ஸ்கூல்காரர். கேட்டார்கள், சொன்னேன் என்றேன். பயந்து லைசென்ஸை விட்டதாக இருக்கக் கூடாது. நான்தான் விட்டேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். நிறைய.

அக்டோபர் 7

பண்ணைக்குப் போனேன். அண்ணன் டீ கொடுத்தார். உடம்பைப் பார்த்துக்கொள், ஊட்லயே இரு, ஏதாவது வேணும்னா கேளு என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்.

"வண்டியை எடுத்துக்கங்கண்ணா. வேலையை எடுக்காதீங்க."

எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போனால் ஷட்டர் திறந்திருக்கும், எந்த ரோட்டில் எந்த வேகத்தில் அட்டை சரியும், எந்தக் கடைக்காரர் சின்ன முட்டையைத் திருப்புவார், எல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. தழும்பு இருக்கிற அதே தலையில். ஐந்து வண்டிக்கும் லோடு பிரித்து அனுப்புகிற வேலையைக் கொடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அண்ணன் வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, அடுத்த திங்கட்கிழமை வா என்றார்.

அக்டோபர் 25

என் வண்டிக்குப் புது டிரைவர் தமிழரசு. ஐம்பது வயது, கேஸ் டேங்கர் ஓட்டியவர். ஒரு வாரம் இடது சீட்டில் உட்கார்ந்து கடைகளைக் காட்டினேன். பிரேக்கைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் போடுகிறார். கேஸ் குலுங்கினால் ஒன்றும் ஆகாது, முட்டை அப்படி இல்லைங்க என்றேன். சிரித்தார்.

அவரிடமும் சொல்லிவிட்டேன். எனக்கு வலிப்பு உண்டு, வந்தால் இப்படிச் செய்யுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108. சரிங்க என்று கேட்டுக்கொண்டு அடுத்த கடை எது என்றார். இவ்வளவுதான். இதைச் சொல்லவா ஊரே நடுங்கியது?

ஜனவரி 19, 2025

தூங்கி எழுந்ததும் கண்ணில் ஏதோ மினுங்கியது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

வெள்ளை. கோணல். மெதுவாக விரிந்தது. ரஞ்சனி மணி பார்த்தாள், இருபத்தொரு நிமிடம். அப்புறம் வலது பொட்டில் இடி, வாந்தி, போர்வைக்குள் ஒரு நாள் முழுக்க.

இவ்வளவு சந்தோஷமாக நான் மைக்ரேனில் படுத்ததே இல்லை. வாடி, உன்னை எனக்குத் தெரியும்.

மார்ச் 8

டாக்டரிடம் எழுதியதைக் காட்டினேன். செப்டம்பர் 8-க்குப் பிறகு வட்டம் இல்லை. கோடு இந்த ஆறு மாதத்தில் இரண்டு தடவை, முன்பெல்லாம் மாதத்துக்கு மூன்று. மாத்திரை அப்படியே தொடரும். ஓட்டலாமா என்று கேட்டேன். எனக்குப் பதில் தெரியும், இருந்தாலும் கேட்டேன். லோடு வண்டியை மறந்துவிடச் சொன்னாள். சரி, மறக்க மாட்டேன், ஓட்டவும் மாட்டேன் என்றேன். சிரித்துவிட்டாள்.

ஜூன் 2

தமிழரசு லீவு. யாரும் இல்லாத நேரம் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சாவி போடவில்லை. கொஞ்ச நேரம். பிறகு இறங்கி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஐந்தாவது வண்டியின் லோடை மற்ற நான்குக்கும் பிரித்துப் போட்டேன். ஒரு கடையும் தவறவில்லை.

அக்டோபர் 26, 2025, ஞாயிறு

தீபாவளி ஓட்டம் முடிந்து ஒரு வாரமாகத்தான் நிம்மதி. மழை தூறல். பின்வாசலில் துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் இவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். திருச்செங்கோட்டில் இருக்கிற இவர் சித்தப்பா, வருடத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறவர். ஊர்ப் பேச்சு, மழைப் பேச்சு. பிறகு என்னைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும், ஏன் இப்போதெல்லாம் வண்டி ஓட்டுவதில்லை என்று.

நான் கையில் துணியோடு நின்றேன்.

"அவளுக்கு வலிப்பு இருக்குதுங்க சித்தப்பா. மாத்திரை சாப்படறா, ஒரு வருசத்துக்கு மேலாச்சு, வர்றதில்ல. பண்ணையில இப்ப அஞ்சு வண்டிக்கும் அவதான் சொல்லோணும்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்லீங்க, தலைவலி அது வேற. அதுவும் இருக்குது."

பிறகு ஏரி நிரம்பியதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

துணியை மடித்து வைத்தேன். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, நாளைக்குத் தைக்க வேண்டும்.